தாத்தாவின் சுதேசமித்திரனும் வெட்டுப்பட்ட ஓரங்களும்

2011ஆம் ஆண்டு தை மாதம், திருவையாற்றில் எங்கள் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய 'சுதேசமித்திரன்' நாளிதழின் 212 பழைய இதழ்களைத் தஞ்சாவூரில் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, கறுப்புக் காலிகோ ஒட்டி, முதுகில் பொன்னெழுத்துப் பதித்த நான்கு தொகுதிகளாக அவை திரும்பி வந்தன. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் தொகுதியை விரித்தபோதுதான், தாள்களின் மூன்று பக்க ஓரமும் கத்தியால் வெட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். தாத்தா நாற்பது ஆண்டுகளாகப் பென்சிலால் எழுதி வந்த குறிப்புகள் அனைத்தும் அந்த ஓரங்களில்தான் இருந்தன.

மறுநாளே கடைக்குப் போனேன். “டீச்சர், ஓரமெல்லாம் ஒடிஞ்சு உதிர்ந்துக்கிட்டு இருந்துச்சு. வெட்டிச் சமமாக்கலைன்னா பைண்டிங் நிக்காது” என்றார் அந்தப் பெரியவர். அவர் தம் தொழில் முறைப்படி செய்திருந்தார். ஓரத்தில் எழுத்து இருக்கிறது, ஓரத்தைத் தொடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தவள் நான். வெட்டிய துண்டுகளைக் கேட்டேன். அவை அன்றைக்கே பழைய காகிதக் கட்டோடு எடைக்குப் போய்விட்டன.

அதன்பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த இதழ்களோடுதான் என் ஓய்வுக்காலம் கழிந்துவருகிறது. ஒரு நாளிதழின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்களுக்கும், வீட்டுப் பரணில் பழைய இதழ்க்கட்டு வைத்திருப்பவர்களுக்கும் உதவக்கூடும் என்ற எண்ணத்தில் நான் கற்றவற்றை எழுதுகிறேன்.

தாத்தா நெல் தரகர். திருவையாற்றுக்கு ரயில் கிடையாது. சென்னையில் அச்சான நாளிதழ் ரயிலில் தஞ்சாவூர் வந்து, அங்கிருந்து தபாலில் எங்கள் தெருவுக்கு வரும்போது ஒரு நாள் பழையதாகியிருக்கும். ஆனால், அதற்கு முன்பு அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வேறு எவ்வழியிலும் வந்திருக்காது என்பதால், தெருவினருக்கு அது புதிய செய்திதான். மாலையில் திண்ணையில் அமர்ந்து அவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாத நடவாள்களும் வண்டிக்காரர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். படித்து முடித்ததும் பென்சிலை எடுத்து, அன்றைய நெல் விலை கலத்துக்கு எவ்வளவு, ஆற்றில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது, யார் வீட்டில் கதிரறுப்பு என்பதையெல்லாம் ஓரத்தில் எழுதுவாராம். இப்படி ஒவ்வோர் இதழிலும் சென்னைச் செய்தியும் திருவையாற்றுச் செய்தியும் ஒரே தாளில் அருகருகே இருந்தன. பைண்டிங்கில் நான் இழந்தது இரண்டாவதை.

உலகச் செய்தி ஒரு நெல் தரகருக்கு எதற்கு என்று சிறு வயதில் நினைத்ததுண்டு. பர்மா அரிசி சென்னை மாகாணத்துக்குக் கப்பலில் வந்து இறங்கிய காலம் அது. 1942 மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்த அரிசி நின்றது. தஞ்சை நெல்லை நம்பிய வயிறுகள் பெருகின. அடுத்த ஆண்டுகளில் விலைக் கட்டுப்பாடும் ரேஷனும் வந்தன. போர்ச் செய்தியைப் படித்தவருக்கே அடுத்த மாதத்து நெல் விலை முன்கூட்டிப் புரிந்தது. தாத்தா சந்தா கட்டிய காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த நாளிதழைத் தொடங்கியவரே எங்கள் ஊர்க்காரர் என்பதை நான் அறிந்தபோது எனக்கு ஐம்பது வயதுக்கு மேலாகியிருந்தது. திருவையாறு என்றதும் ஐயாறப்பர் கோயிலும், தியாகராசர் ஆராதனையும், ஆடிப்பெருக்குக்குப் புஷ்ய மண்டபத்துறையில் கூடும் கூட்டமும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1855இல் இங்கே பிறந்தார் என்று நான் படித்த பள்ளியில் எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தபோது என் மாணவர்களுக்குச் சொன்னதில்லை. இந்தக் குறை இன்னும் என்னை உறுத்துகிறது.

அவர் தஞ்சாவூரில் படித்து, சென்னையில் ஆசிரியரானவர். 1878இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக டி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டார். அவரும் தஞ்சை மாவட்டத்துக்காரரே. அந்நியமனத்தை வெள்ளையர் நடத்திய இதழ்கள் இழித்து எழுதின. அதற்குப் பதில் சொல்ல இந்தியர் கையில் ஓர் இதழ் இல்லை என்ற மனக்குமுறலில், சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் வேறு நான்கு இளைஞர்களும் சேர்ந்து, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று 'தி இந்து' வார இதழை 80 பிரதிகள் அச்சிட்டார்கள். ஆங்கிலம் தெரிந்தவர் கை விரலில் எண்ணத்தக்க அளவே இருந்த நாட்டில் ஆங்கில இதழ் மட்டும் போதாது என்று சுப்பிரமணிய ஐயர் கண்டார். அதன் விளைவாக 1882இல் 'சுதேசமித்திரன்' தமிழ் வார இதழ் பிறந்தது.

'தி இந்து' 1889இல் நாளிதழானது. அதே ஆண்டு அவர், இளவயதிலேயே விதவையாகிவிட்ட தம் மகளுக்குப் பம்பாயில் மறுமணம் செய்து வைத்தார். உறவும் ஊரும் அவரை ஒதுக்கின. சீர்திருத்தம் பற்றி எழுதியதைத் தம் வீட்டு வாசலுக்குள்ளும் நடத்திக்காட்டிய அந்தத் துணிவை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். சமூகச் சீர்திருத்தத்தில் அவர் காட்டிய வேகம் கூட்டாளி வீரராகவாச்சாரியாருடன் கருத்து வேறுபாட்டை வளர்த்தது. 1898இல் 'தி இந்து'வை விட்டு விலகி, முழுக் கவனத்தையும் தமிழ் இதழின் மீது செலுத்தினார். மறு ஆண்டே, 1899இல், 'சுதேசமித்திரன்' நாளிதழாக மாறியது. தமிழின் முதல் நாளிதழ் என்று அதைச் சொல்வது இந்த 1899ஐக் கொண்டுதான்.

இங்கே என் இரண்டாவது தவறைச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளி விழாவில் பேசும்போது, 'சுதேசமித்திரன்' நாளிதழ் 1882இல் தொடங்கியது என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்தபின் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி என் அருகே வந்து, “டீச்சர், நாளிதழா வந்தது 1899லன்னு எங்க லைப்ரரி புத்தகத்துல போட்டிருக்கு” என்றாள். ஆண்டு மலர்க் கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்ததை நான் சரிபார்க்காமல் பேசியிருந்தேன். மறுவாரம் அதே பள்ளிக்குப் போய், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்த மாணவியை அருகில் நிறுத்தித் திருத்திச் சொன்னேன். எந்த நாளிதழைப் பற்றிக் குறிப்பெடுத்தாலும் முதல் இதழ் வந்த ஆண்டு, அது நாளிதழான ஆண்டு, உரிமை கைமாறிய ஆண்டு ஆகிய மூன்றையும் தனித்தனி வரியில் எழுதும் வழக்கம் எனக்கு அதன்பிறகு வந்தது. பழைய இதழ்களைப் பற்றிய கட்டுரைகளில் காணப்படும் முரண்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால் வருகின்றன. அந்த வழக்கப்படி என் குறிப்பேட்டில், கும்பகோணத்தை அடுத்த இன்னம்பூரில் பிறந்த கஸ்தூரிரங்க ஐயங்கார் 1905இல் 'தி இந்து'வை வாங்கியது ஒரு வரி. அவருடைய மருமகன் முறையான ஏ. ரங்கசாமி ஐயங்கார் 1915இல் 'சுதேசமித்திர'னை ஏற்றது ஒரு வரி. அவர் 1928இல் 'தி இந்து'வின் ஆசிரியராகச் சென்றதும் சி. ஆர். சீனிவாசன் பொறுப்புக்கு வந்தது ஒரு வரி. சென்னைப் பட்டணத்து நாளிதழ்களின் வரலாற்றை எழுதப் புகுந்தால் காவிரிக் கரை ஊர்களின் பெயர்கள் இவ்வளவு வருகின்றன.

பாரதியார் 1904 நவம்பரில் 'சுதேசமித்திரன்' அலுவலகத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்ததும், ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்கும் வேலையில் பழகியதும் பலரும் அறிந்ததே. மதுரையில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தவரை அழைத்து வந்தவர் சுப்பிரமணிய ஐயர். 1908இல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டிச் சுப்பிரமணிய ஐயரை அரசு கைது செய்தது. உடல்நலம் குன்றிய நிலையில் வெளியே வந்து, 1916இல் காலமானார். பாரதியார் 1920இல் மீண்டும் அதே இதழுக்குத் திரும்பி, மறு ஆண்டு செப்டம்பரில் மறையும்வரை அதில் எழுதினார்.

இனி, ஓரம் வெட்டுண்ட இதழ்களுக்கு வருகிறேன். 212 இதழ்களில் 70க்கும் மேற்பட்டவற்றில் வெளித்தாளைக் கறையான் முன்பே தின்றிருந்தது. நாளிதழில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாள். அந்தத் தாள் போனால் இதழின் பெயரும் தேதியும் மட்டுமல்ல, சட்டப்படி அச்சிட வேண்டியதும் வழக்கமாகக் கடைசிப் பக்க அடியில் வருவதுமான அச்சிடுபவர், வெளியிடுபவர் விவரமும் சேர்ந்தே போய்விடும். மிஞ்சிய உட்தாள்களின் தலைப்பில் சிறிய எழுத்தில் தேதி இருந்தது. கத்தி அதையும் கொண்டுபோனது. எனவே, ஒவ்வொரு தாளும் எந்த நாளுடையது என்று உள்ளே இருந்தே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இந்த வேலைதான் ஒரு நாளிதழை வரிக்கு வரி படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது.

முதலில் பெரிய செய்திகளைக் கொண்டு ஆண்டை மதிப்பிட்டேன். சிங்கப்பூர் வீழ்ச்சி என்றால் 1942 பிப்ரவரி. குண்டுவீச்சு அச்சத்தில் சென்னையை விட்டு மக்கள் வெளியேறியது என்றால் அதே ஆண்டு ஏப்ரல். ஆனால் நிகழ்ச்சியின் தேதி வேறு, அது அச்சான தேதி வேறு, தாத்தா கையில் கிடைத்த தேதி வேறு. ஒரு செய்தி தந்தியில் வந்து, மொழிபெயர்க்கப்பட்டு, அச்சேறி, ரயிலேறித் திருவையாறு வரும் வரை நடந்த பயணத்தைக் கணக்கில் எடுக்காததால் முதல் ஆண்டில் நான் குறித்த தேதிகளில் பலவற்றைப் பிறகு திருத்த நேர்ந்தது.

செய்தியைவிட விளம்பரமும் அறிவிப்பும் நம்பகமானவை என்பது போகப்போகத் தெரிந்தது. கோர்ட்டு ஏல அறிவிப்பில் ஏல நாள் இருக்கும். இதழ் அதற்குச் சில வாரம் முந்தியது. கோயில் குடமுழுக்கு அழைப்பில் தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும். 'பார்த்திப' என்றால் 1945–46, 'சர்வசித்து' என்றால் 1947–48. இதில் ஓர் எச்சரிக்கை தேவை: அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். தாது வருஷம் என்றதும் பெரும் பஞ்சத்து 1876ஐ நினைக்கிறோம். 1936ஆம் ஆண்டு சித்திரையில் பிறந்ததும் தாதுதான். கிழமையும் தேதியும் கிடைத்தால் பொருத்திப் பார்க்கலாம். ஒரே தேதி ஒரே கிழமையில் ஐந்து, ஆறு அல்லது பதினொரு ஆண்டு இடைவெளியில் மீண்டும் வரும் என்பதால், கிழமையை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது.

விலைப்புள்ளிகள் மிக உதவின. சோப்பு, கூந்தல் தைலம், மூக்குப்பொடி எதுவானாலும் விலை அணாவில் இருந்தால், தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 'நயா பைசா' என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டால் நாளிதழ்கள் பக்கங்களைக் குறைத்தன. ஒல்லியான இதழ்களைத் தனியாக அடுக்கிவிட்டேன்.

சொற்களும் சாட்சி சொல்லும். பழைய இதழ்களில் கூட்டத் தலைவர் 'அக்கிராசனர்', வேட்பாளர் 'அபேட்சகர்', செயலாளர் 'காரியதரிசி', மாவட்டம் 'ஜில்லா', ஆசிரியர் 'பத்திராதிபர்'. இச்சொற்கள் ஒவ்வொன்றாக மறைந்து இன்றைய சொற்கள் வருவதை நான்கு தொகுதிகளுக்குள்ளேயே காணலாம். ஆனால், ஒரு சொல் ஒரே நாளில் மாறுவதில்லை. ஆகவே இதை மற்றச் சான்றுகளுக்குத் துணையாக மட்டுமே வைத்துக்கொண்டேன். என்னோடு உட்கார்ந்து உதவிய பேரப்பிள்ளைகளால் முதலில் இந்த இதழ்களைச் சரளமாகப் படிக்க முடியவில்லை. ணை, லை, னை போன்றவற்றின் பழைய துதிக்கை வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த வடிவமும் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பிறகு வழக்கொழிந்தவை. ஒரு தாளில் அந்தப் பதினைந்துக்கும் குறைவான எழுத்துகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாலையில் பழகிவிட்டார்கள்.

இந்த இதழ் ஏன் மங்கியது என்று கேட்பவர்களுக்கு என் எண்ணத்தைச் சொல்கிறேன். 1934 செப்டம்பர் 11 அன்று, பாரதியார் நினைவு நாளில், 'தினமணி' தொடங்கியது, டி. எஸ். சொக்கலிங்கத்தின் ஆசிரியத்துவத்தில் அதன் தமிழ் எளிமையாகவும் சூடாகவும் இருந்தது. 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி' பிறகு திருச்சி உள்ளிட்ட ஊர்களிலும் அச்சாகி, விடிவதற்குள் டெல்டாவின் தேநீர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. ஒரு நாள் கழித்துத் தபாலில் வரும் நாளிதழ், விடியற்காலையில் கட்டாக வந்து இறங்கும் நாளிதழோடு எப்படிப் போட்டியிடும்? திண்ணையில் ஒருவர் படித்துப் பத்துப் பேர் கேட்ட காலம் போய், ஒவ்வொருவரும் தாமே எழுத்துக்கூட்டிப் படிக்கும் காலம் வந்துவிட்டது. கடினமான வடசொற்கள் கலந்த நடை அந்தப் புதிய வாசகரை எட்டவில்லை. தாத்தாவின் கட்டும் 1960ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வேறு நாளிதழ் வந்ததாக அம்மா சொன்னார்.

பழைய இதழ்க்கட்டு வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, எதையும் ஒட்டாமலும் தைக்காமலும் வெட்டாமலும் இருப்பது. நாளிதழ்த் தாள் மரக்கூழில் செய்யப்படுவது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளித்து, தாளை முறுக்குப் போல ஒடியச் செய்யும். பிரித்துப் பார்க்க ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தைத் தவிர்த்து, தை, மாசி மாதங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில் காற்றாட வைத்தால் போதும். கிழிசலில் செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்பேறி எழுத்தையே மறைத்துவிடும். லேமினேஷன் செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது. மடிக்காமல், அகலமான அட்டைப்பெட்டியில் தட்டையாகப் படுக்க வைத்து, தரையில் படாமல் உயரத்தில் வைப்பது போதுமான பாதுகாப்பு. இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதைவிடச் சிறந்த மருந்தை நான் காணவில்லை. பரணில் கிடந்த நாற்பது ஆண்டுகளில் யாரும் திறக்காததால்தான் அந்த 70 இதழ்களின் வெளித்தாள்கள் போயின.

தொடுவதற்கு முன் படமெடுங்கள். இன்று கையில் இருக்கும் செல்பேசியே போதும். ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், தாளின் நான்கு ஓரமும் சட்டத்துக்குள் வரும்படி எடுங்கள். ஓரம் வெறுமையாக இருந்தாலும் அதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் இதழ், தேதி, பக்கம் என்ற வரிசையில் பெயரிடுங்கள். இதை நான் 2011இல் செய்திருந்தால் மூன்று நாள் வேலைதான்.

விடுபட்ட நாள்களைத் தேடி நூலகங்களுக்குச் செல்பவர்கள், சென்னை கன்னிமாரா நூலகத்துக்கோ தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ புறப்படுமுன், வேண்டிய ஆண்டையும் மாதத்தையும் குறித்துக் கடிதம் எழுதிக் கேளுங்கள். பழைய இதழ்களைப் படமெடுத்து வைத்த நுண்படச் (மைக்ரோஃபிலிம்) சுருளைச் சுழற்றிப் பார்ப்பது கண்ணுக்குக் களைப்பான வேலை. ஒரு நாளில் ஒரு மாத இதழ்களுக்கு மேல் பார்க்க முயலாதீர்கள். களைத்த கண்ணோடு எடுத்த குறிப்புகளை நான் இரண்டாம் முறை போய்ச் சரிபார்க்க வேண்டியிருந்தது. நூலகப் பிரதிகளில் ஓரங்கள் தூய்மையாக இருக்கும். அங்கே நாளிதழ் கிடைக்கும், வாசகர் கிடைக்கமாட்டார். வாசகரைத் தேட, பழைய ஏஜென்ட்டுகள், சைக்கிளில் நாளிதழ் போட்டவர்கள், திண்ணையில் கேட்டு வளர்ந்தவர்கள் ஆகியோரிடம் போக வேண்டும். இவர்களில் பலருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. முதலில் அவர்களிடம் போங்கள், நூலகம் காத்திருக்கும்.

இதுவரை தேதியற்ற இதழ்களில் 53க்குத் தேதி கண்டுவிட்டேன். சென்ற ஆண்டு தைப் பொங்கல் முடிந்ததும், இரண்டாம் தொகுதியின் தையலை மெல்லப் பிரிக்கத் தொடங்கினேன். இதழ்களின் நடுமடிப்பை ஒட்டிய உள் ஓரங்களைக் கத்தி தொட்டிருக்க முடியாது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. பதினோராவது இதழில், பசையில் பாதி ஒட்டியிருந்த உள் ஓரத்தில், தாத்தாவின் சாய்வெழுத்து தெரிந்தது: “குடமுருட்டியில் தண்ணீர். நாளை நாற்றங்கால்.” வெளி ஓரத்தில் இடம் போதாத நாள்களில் அவர் உள்ளேயும் எழுதியிருக்கிறார். இப்போது வாரத்துக்கு இரண்டு இதழ் வீதம் பிரித்து, ஈரப்பஞ்சைத் தொட்டும் தொடாமலும் ஒற்றி, பசையை நீக்கி, படமெடுத்து வருகிறேன். இன்னும் இரண்டு தொகுதிகளைத் தொடவில்லை.